ரேடியேட்டர் வேலை இங்க இல்லீங்க

லேத்துக்காரருக்கு அந்தத் தெருவில் தலைவர் என்று பெயர். யாரும் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பெயர் இல்லை. குரல் பெரிசு, தொந்தி பெரிசு, கடையில் நிற்கிற மிஷின் அதைவிடப் பெரிசு. தலைவர் என்று கூப்பிடாமல் வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? அவரும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது மறந்துபோய் அண்ணே என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

தெரு முழுக்க வண்டி வேலை. இரண்டு பக்கமும் தகரக் கூரை, நடுவில் ஆயில் ஊறிக் கறுத்த மண். அங்கே வேலை நடக்கிற விதமே தனி. ஒரு கார் தெருமுனையில் நுழைந்தால் முதலில் மெக்கானிக் அதைப் பிடித்துக்கொள்வான். வண்டிக்காரர் பேச வேண்டியது அவனிடம் மட்டும்தான். அதற்கப்புறம் வண்டி பிரிந்து தெருவெல்லாம் போகும். தேய்ந்த அச்சு கடைசல் பிடிக்க லேத்துக்கு வரும், ஒழுகுகிற ரேடியேட்டர் ரேடியேட்டர் கடைக்குப் போகும், ஒடுங்கின கதவு டிங்கரிடம், கிழிந்த சீட்டு சீட் கவர் அக்காவிடம். கடைசியில் எல்லாம் ஒன்றுகூடி, ஸ்ப்ரேக்காரன் கையில் பளபளவென்று கிளம்பும். உள்ளே வந்த வண்டி பாதியில் வெளியே போகாது என்பதுதான் அந்தத் தெருவின் பெருமை. ஒரு ஆணிக்காகக்கூட வேறு இடம் தேட வேண்டாம்.

இந்தத் தெருதான் நகர நிர்வாகத்தின் கண்ணை உறுத்தியது. தகரத்தையெல்லாம் பெயர்த்து எறிந்துவிட்டுக் கண்ணாடிக் கட்டிடம் கட்டப்போகிறார்களாம், நடுவில் பூச்செடி வைக்கப்போகிறார்களாம். தெருக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு மாடிக் கட்டிடத்தில் ஆளுக்கொரு அறை. யாருக்கு எந்த மாடி என்பது குலுக்கலில் விழுகிறபடி.

மற்றவர்களுக்கு இது துக்கம். லேத்துக்காரருக்கு இது சாவு. தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம், ஸ்ப்ரே துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். லேத்தை எங்கே தூக்குவது? தரையைத் தோண்டி, கான்கிரீட் கொட்டி, அதில் வேர்விட்டு நிற்கிற இரும்பு அது. மாடியில் வைத்து ஓட்டினால் கட்டிடமே நடுங்கும். கனமான மிஷின் மாடியில் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். குலுக்கலில் மாடி வந்தால் லேத்தை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். போட்டுவிட்டு அந்த மனுஷன் என்ன செய்வார்? வேறு ஒரு வேலை தெரியாது அவருக்கு.

ஆனால் இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாம எல்லாரும் ஒண்ணு. ஒருத்தன் நகந்தாலும் எல்லாரும் செத்தோம்" என்றுதான் கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார். கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலைவருக்கு நம் மேல் எவ்வளவு பாசம் என்று சீட் கவர் அக்கா மூக்கைச் சிந்தினாள். பாசமாவது ஒன்றாவது! அவருக்கு லேத்து.

ரேடியேட்டர் கடைக்காரர் தலைவரின் தங்கை புருஷன். ஒல்லி ஆள், அதிகம் பேசாதவர். ரேடியேட்டரின் இரண்டு வாயையும் அடைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, காற்றை ஏற்றினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். வருஷக்கணக்காக அந்தப் புகையைக் குடித்ததில் நெஞ்சில் ஒரு இருமல் குடியேறிவிட்டது. அதனால் தொட்டியில் முக்கிப் பிடிக்கிற வேலையைத் தங்கச்சியே பார்த்தாள். புருஷன் பற்றவைக்க, பெண்டாட்டி குமிழி பார்க்க, இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் நாள் முழுக்க வேலை செய்வார்கள்.

நிர்வாகத்திலிருந்து அளக்கிறவர்கள் டேப்பைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தலைவர் கூட்டம் போட்டார். யாரும் அவர்களோடு பேசக் கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று முடிவானது. அவர்களும் வந்தார்கள். தெருவே ஊமையாகிவிட்டது. டிங்கர் வேண்டுமென்றே தகரத்தைப் போட்டு அடித்தான். ஸ்ப்ரேக்காரன் அவர்கள் சட்டையில் படுகிற மாதிரிச் சிவப்புப் பெயிண்டை ஒரு தும்மல் தும்மவிட்டான். எல்லாம் நன்றாகத்தான் போனது. ரேடியேட்டர் கடைக்குள் மட்டும் அவர்கள் போனார்கள், போனவர்கள் உடனே வரவில்லை. தங்கச்சி அப்போது கடையில் இல்லை. தொட்டி ஓரமாக நின்று ரேடியேட்டர்காரர் ஏதோ கேட்டார், அவர்கள் ஏதோ சொன்னார்கள்.

சீட் கவர் அக்கா பார்த்துவிட்டாள். அவள் வாயில் விழுந்த சங்கதி சும்மா இருக்குமா? பேசினான் என்றது, சிரித்துப் பேசினான் என்றாகி, டீக்கடை வரும்போது கை குலுக்கினான் என்று வளர்ந்து, டிங்கர் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது கையெழுத்தும் போட்டு அறைச் சாவியும் வாங்கிவிட்டான் என்று கண் காது மூக்கு வைத்து நின்றது.

மறுநாள் லேத்துக் கடையில் எல்லாரும் கூடினார்கள். ரேடியேட்டர்காரரை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"என்ன பேசினே அவங்ககிட்ட?" என்றார் தலைவர்.

"ஒரு சந்தேகம் கேட்டேன் மச்சான். வேற ஒண்ணுமில்ல."

"என்ன சந்தேகம்?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "இங்க வேணாம். உங்ககிட்டத் தனியா சொல்றேன்."

இதைவிட மோசமாக ஒரு பதில் சொல்லியிருக்க முடியாது. தனியாவா என்று மெக்கானிக் இழுத்தான். சொந்தக்காரங்க ஆயிரம் பேசிக்குவாங்க, நமக்கென்ன என்று ஸ்ப்ரேக்காரன் மேலே பார்த்துச் சொன்னான். அத்தனை கண்ணும் தலைவர் மேல் வந்து விழுந்தது. இந்தச் சந்தேகம் தன் பக்கம் திரும்பினால் தலைமை போகும். தலைமை போனால் ஒற்றுமை போகும். ஒற்றுமை போனால் லேத்து போகும். வழித்துணைக்கு வந்தவனையே குழியில் தள்ளினால்தான் தான் தப்பலாம் என்று அந்த மனம் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது.

"தனியா சொல்றதுக்கு இதென்ன சம்பந்தம் பேசற விஷயமா?" என்று கத்தினார். "எனக்குத் தெரு ஒரு பக்கம், உறவு ஒரு பக்கம். இன்னையிலேர்ந்து இவனுக்கு யாரும் வேலை குடுக்காதீங்க. வண்டிக்காரன் கேட்டா என்ன சொல்லணும்? ரேடியேட்டர் வேலை இங்க இல்லீங்க, பைபாஸ் ரோட்டுல போய்ப் பாருங்க. இதான் சொல்லணும். எங்கே, சொல்லுங்க பாப்போம்."

எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். ரேடியேட்டர்காரர் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இருமல் வந்தது, வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவே நாக்கூசுகிறது. நல்லவர்கள்தான் எல்லாரும், ஆபத்துக்கு ஓடிவருகிறவர்கள்தான். கெட்டவனாக இருக்க அனுமதி கிடைத்ததும் அவர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சந்தோஷம் வந்ததோ! டீக்கடைக்காரன் அவருக்கு டீ ஆற்றிக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தான். குனிந்து எடுக்கப்போகும்போது "ஐயோ, ஈ விழுந்துடுச்சே" என்று எடுத்துக் கொட்டினான். ஸ்ப்ரேக்காரன் அவர் இருமலை அப்படியே இருமிக் காட்டினான். காறி, இழுத்து, கடைசியில் ஒரு விசில் சத்தம் வருமே, அதுவரைக்கும் அச்சு அசலாக. "ரேடியேட்டர் கொதிக்குதுடோய், தண்ணி ஊத்துங்கடா" என்று டிங்கர் எடுத்துக் கொடுப்பான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். தலைவரும் சிரித்தார். முதல்நாள் ஒப்புக்குச் சிரித்தார், போகப்போக நிஜமாகவே சிரிப்பு வந்தது.

ரேடியேட்டர்காரர் கடையை மூடவில்லை. காலையில் திறப்பார், தொட்டித் தண்ணீரை மாற்றுவார், ஸ்டூலைப் போட்டு உட்காருவார். ஒருநாள் மத்தியானம் தயங்கித் தயங்கி லேத்துக் கடை வாசலுக்கு வந்தார். "மச்சான், அந்த விஷயம்..." என்று ஆரம்பித்தார். எதிரில் டிங்கர் பார்த்துக்கொண்டிருந்தான். தலைவர் லேத்தை ஓடவிட்டு, இரும்பில் உளியைக் கொடுத்தார். கிறீச்சென்று அது கத்தின கத்தலில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் சொல்லி முடிக்கிறவரை இவர் உளியை எடுக்கவில்லை. சுருள் சுருளாக இரும்பு தரையில் விழுந்து புகைந்தது. அவர் போய்விட்டார்.

பிறகு தங்கச்சி வந்தாள்.

"அண்ணே, அவரு கையெழுத்தெல்லாம் போடல. நான் கேட்டுட்டேன்."

"அப்ப என்ன பேசினான்னு சொல்லச் சொல்லு."

"என்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறாரு. உன்கிட்டத்தான் சொல்லணுமாம். ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து கேளு அண்ணே. உன் கால்ல வேணா விழறேன்."

தலைவருக்கு மனசு இளகாமல் இல்லை. சின்ன வயசில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. பாப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுவார். ஆனால் சீட் கவர் அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடி, கோர்க்காமல், காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

"உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றார் தலைவர், அக்காவுக்குக் கேட்கிற மாதிரி. "துரோகி பெண்டாட்டிக்கு இங்க என்ன பேச்சு? போ."

அவள் நின்று பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. போய்விட்டாள்.

இதற்கு நடுவே தெருக்காரர்கள் போட்ட வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. தெருவுக்காக வாதாடின வக்கீலம்மா கெட்டிக்காரி. ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். "இது தனித்தனிக் கடை இல்ல, முழுத் தெருவும் ஒரே பட்டறைன்னு சொல்லியிருக்கேன். ஒரு வண்டி இத்தனை கை மாறி வெளிய போகுது, இதுல ஒரு கையை வெட்டினா மத்த கையெல்லாம் செத்துப்போகும்னு சொல்லியிருக்கேன். நீதிபதி யோசிக்கிறாரு. நேர்ல பாத்துட்டு வரச் சொல்லிக் கோர்ட்டு ஒரு ஆளை அனுப்பும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். எப்பவும் இருக்கிற மாதிரி இருங்க, போதும்."

தெரு துள்ளிக் குதித்தது. ரேடியேட்டர் விஷயத்தைத் தலைவர் வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுச் சண்டையை வெளியே எதற்குச் சொல்வானேன்? கோர்ட்டு ஜீப் வருகிற அன்றைக்கு மட்டும் அவனுக்கும் ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டால் போயிற்று என்று முடிவு செய்தார்கள். ஜீப் வந்தால் சொல்ல டீக்கடைக்காரனைத் தெருமுனையில் காவல் வைத்தார்கள்.

ஜீப் வரவில்லை. ஒரு சாயங்காலம் பழைய கார் ஒன்று முக்கி முனகிக்கொண்டு வந்தது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி புசுபுசுவென்று கிளம்பியது. ஓட்டிவந்தது ஒரு அம்மா. தடிக் கண்ணாடி, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மெக்கானிக் பானெட்டைத் தூக்கினான். பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவுடனே தெரிகிற ஓட்டை.

"ரேடியேட்டர் போயிடுச்சும்மா" என்றான். சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்தான். வண்டியில் வேறு வேலையும் நிறைய இருந்தது, விட மனசில்லை. கண்ணால் லேத்துக் கடையைக் கேட்டான்.

தலைவர் அங்கிருந்தே கத்தினார். "ரேடியேட்டர் வேலை இங்க இல்லீங்க. பைபாஸ் ரோட்டுல போய்ப் பாருங்க."

"அதோ அங்க ரேடியேட்டர் தொங்குதே, அது கடை இல்லையா?" என்றாள் அந்த அம்மா.

"அது கடை இல்லம்மா. வேலைவெட்டி இல்லாம ஒரு ஆள் உக்காந்திருக்கான். அவனுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

ஸ்ப்ரேக்காரன் அந்தச் சமயம் பார்த்து இருமிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நேராக ரேடியேட்டர் கடைக்குப் போனாள். அவர் எழுந்து, வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, ஆவி அடங்கும்வரை காத்திருந்து மெதுவாக ஊற்றினார். ஏதோ கேட்டாள். ஏதோ சொன்னார். கார் போய்விட்டது.

மறுபடியும் பேசியிருக்கிறான்! வந்த வண்டிக்காரியிடம் தெருவைப் பற்றிக் கோள் சொல்லியிருக்கிறான்! தலைவருக்குத் தலைக்கேறிவிட்டது. மெக்கானிக் கடையில் பழைய ஆயில் டின் நிறைய இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ரேடியேட்டர் கடைக்குள் போனார். பின்னாடியே தெரு போனது. தங்கச்சி தொட்டி ஓரமாக நின்றிருந்தாள்.

"அண்ணே, வேணாம்" என்றாள்.

ஊற்றினார். கறுப்பு ஆயில் தார் மாதிரி இறங்கி, தொட்டித் தண்ணீர் முழுக்கப் பரவி, அவள் முகம் தெரிந்த இடத்தை மூடியது. ஆயில் கலந்த தண்ணீரில் குமிழி பார்க்க முடியாது. தொட்டி செத்தால் அந்தக் கடையே செத்தமாதிரி. இது தெரியாமல் செய்தவர் இல்லை தலைவர். தெரிந்துதான் செய்தார். கடைசிச் சொட்டுவரை டின்னைக் குலுக்கி ஊற்றினார். யாரோ கைதட்டினார்கள். தங்கச்சி வாயைத் திறந்தாள், புருஷன் வேண்டாம் என்று தலையசைத்தார், அவள் மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரமே வக்கீலம்மாவிடமிருந்து சேதி வந்தது. நாளைக்குக் கோர்ட்டு ஆள் வருகிறார். தலைவர் தங்கச்சிக்கு ஆள்விட்டார், ஒரே ஒரு நாள் மட்டும் மாப்பிள்ளையைச் சிரித்த முகமாக இருக்கச் சொல்லி. வெட்கம் என்று ஒன்று இருந்தால் கேட்டிருப்பாரா? ஆனால் ரேடியேட்டர்காரர் சரி என்றார். ராத்திரி முழுக்கத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார்கள். சண்டை தீர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ, புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டு வந்தார்.

தெரு ஜோராக இருந்தது. மெக்கானிக் ஒரு வண்டியிலிருந்து நல்ல ரேடியேட்டர் ஒன்றைக் கழற்றி, "இந்தாங்க அண்ணே, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று தேனொழுகக் கொடுத்தான். டீக்கடைக்காரன் டீயைக் கையிலேயே கொடுத்தான். தலைவர் அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றார். ஜீப் வந்தது. கதவைத் திறந்துகொண்டு தடிக் கண்ணாடியும் கட்டை முடியுமாக அந்த அம்மா இறங்கினாள்.

தோளில் போட்ட கை அப்படியே விறைத்துப் போனது.

அவள் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரேடியேட்டர் கடையில் நின்று தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். எவ்வளவு தேய்த்தாலும் ஆயில் முழுசாகப் போகுமா? தண்ணீர் மேலே நிறம் நிறமாக ஒரு படலம் மிதந்தது.

"அன்னைக்கு வந்தப்ப உங்களுக்கு வேலை இல்லைன்னாங்களே, ஏன்?" என்று கேட்டாள்.

"எனக்கு நெஞ்சு சரியில்லம்மா" என்றார் ரேடியேட்டர்காரர். "நான்தான் கொஞ்ச நாளைக்கு வேலை வேணாம்னு சொல்லியிருந்தேன். அன்னைக்கும் உங்ககிட்ட அதைத்தானே சொன்னேன்? இவங்க எல்லாம் தங்கமான மனுஷங்க."

"தொட்டியில ஆயில் எப்படி வந்தது?"

"கை தவறி நானே கொட்டிட்டேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஜீப் போய்விட்டது. தலைவர் அப்போதாவது அந்த மனுஷன் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. "ஒரு பொய்யைக்கூட உருப்படியாச் சொல்லத் தெரியல. முழிச்ச முழியிலயே எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டே" என்று தோளிலிருந்து கையை எடுத்தார்.

கோர்ட்டில் அந்த அம்மா அதிகம் பேசவில்லை. இரண்டு தடவை போனேன், ஒரு தடவை யாரிடமும் சொல்லாமல், ஒரு தடவை சொல்லிவிட்டு என்றாள். சொல்லிவிட்டுப் போனபோது எல்லாரும் ஒரே பட்டறையாக இருந்தார்கள், சொல்லாமல் போனபோது ரேடியேட்டர் கடை கண்ணெதிரே இருக்க, அந்த வேலை இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், அவனுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தெருத் தலைவரே சொன்னார் என்றாள். ஒரு கடை இல்லாமலே மற்றக் கடைகள் நடக்கின்றன, ஆகவே தனித்தனியாக மாற்றினால் குறை ஒன்றும் வராது. போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாள். ரேடியேட்டர் கடைக்காரருக்கு மூச்சு வாங்குகிறது, மாடி ஏற முடியாது, குலுக்கலில் சேர்க்காமல் அவருக்குக் கீழேயே, ஜன்னல் உள்ள இடமாகக் கொடுக்க வேண்டும்.

நீதிபதி அப்படியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் வக்கீலம்மா தலைவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பவும் இருக்கிற மாதிரி இருங்கன்னுதானே சொன்னேன்?"

"அப்படித்தாம்மா இருந்தோம்" என்றார் தலைவர்.

வேறு என்ன சொல்வார்? அது உண்மைதானே.

தகரம் பெயர்க்கிற சத்தம் ஒரு வாரம் கேட்டது. தெரு கலைந்தது. டிங்கர் ஒரு மாடி, சீட் கவர் அக்கா ஒரு மாடி, ஸ்ப்ரேக்காரனுக்குக் கட்டிடத்துக்குள் பெயிண்ட் அடிக்கவே அனுமதி இல்லை. போகும்போது ஒவ்வொருவனும் தலைவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அண்ணே என்றுகூட யாரும் கூப்பிடவில்லை. அவருக்கு மூன்றாவது மாடி விழுந்திருந்தது. கடப்பாரை போட்டுக் கான்கிரீட்டை உடைத்து லேத்தை வேரோடு பிடுங்கி வெளியே வைத்திருந்தார்கள். வெயிலில் நின்ற அந்த மிஷினைப் பழைய இரும்பு வாங்குகிறவன் இரண்டு தடவை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாவது தடவை அவன் வருவதற்குள் தலைவர் புதுக் கட்டிடத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில், ஓரத்தில், ரேடியேட்டர் கடை. பெரிய ஜன்னல். காற்று வந்துகொண்டிருந்தது. தங்கச்சி தொட்டிக்குள் ஒரு ரேடியேட்டரை முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு மூலை காலியாகக் கிடந்தது. கான்கிரீட் தரை, நல்ல கெட்டி. ஒரு லேத்து தாராளமாக நிற்கும் என்று அவர் கண் தானாகவே அளந்துவிட்டது.

"பாப்பா" என்றார்.

அவள் நிமிரவில்லை. "என்ன வேணுங்க?"

யாரோ என்று நினைத்துவிட்டாள் என்று அவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். "நான்தான் பாப்பா. மாப்பிள்ளை எப்படி இருக்காரு? இருமல் பரவாயில்லையா? ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அந்த மூலை சும்மாத்தானே கிடக்கு..."

அவள் ரேடியேட்டரைத் தண்ணீரிலிருந்து தூக்கி ஓரமாக வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"அன்னைக்கு அளக்க வந்தவங்ககிட்ட அவரு என்ன கேட்டாருன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா? இங்க குடி வந்தப்புறம்தான் என்கிட்டச் சொன்னாரு. என் மச்சானோட லேத்து மாடி ஏறாது, அதுக்கு மட்டும் கீழ ஒரு இடம் குடுப்பீங்களான்னு கேட்டாராம்."

"இதை... இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் தலைவர்.

"எப்படிங்க சொல்லுவாரு? அத்தனை பேர் நடுவுல தலைவர் லேத்துக்கு இடம் கேட்டேன்னு சொன்னா, நீங்கதான் அனுப்பினீங்கன்னு உங்களைப் பிச்சுப் போட்டிருக்க மாட்டாங்களா? அதுக்குத்தானே தனியா சொல்றேன்னு கெஞ்சினாரு. கடைக்கு வந்தும் சொல்லிப் பாத்தாரு. நீங்க மிஷினை ஓட விட்டீங்க."

இந்த நேரத்திலும் அந்த மனுஷன் வாயில் வந்தது என்ன தெரியுமா? "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. அழுகையில் இல்லை, ஆசையில்.

"குடுக்கறோம்னாங்க. ஆளே நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டாப் போதும்னாங்க."

ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. தலைவர் அந்த மூலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் மூலையைப் பார்த்தார். "பாப்பா, நான் பண்ணது தப்புதான். உன் கால்ல வேணா..." என்று குனியப்போனார்.

"லேத்து வேலை இங்க இல்லீங்க" என்றாள் அவள். "பைபாஸ் ரோட்டுல போய்ப் பாருங்க."

உள் அறையிலிருந்து இருமல் கேட்டது. காறி, இழுத்து, கடைசியில் அந்த விசில் சத்தம். அது அடங்கினதும், "யாரும்மா அது வாசல்ல?" என்று குரல் வந்தது. கூப்பிட்டால் அந்த மனுஷன் எழுந்து வந்துவிடுவார், அந்த மூலையைக் கொடுத்தும்விடுவார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"யாருமில்லீங்க" என்றாள் தங்கச்சி, உள்ளே பார்த்து. "வழி தெரியாம வந்தவரு. சொல்லிட்டேன், போயிடுவாரு."

அடுத்த ரேடியேட்டரை எடுத்தாள். அதன் இரண்டு வாயையும் அடைத்து, தொட்டிக்குள் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டாள்.